மார்த்தாளை நாங்கள் மறைத்தோம்

2019 டிசம்பரில் நாங்கள் எதற்கும் குறை வைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் எங்கள் சொந்தக்காரக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து வழக்கம்போல வீடு வீடாகக் காரல் பாடப் போனோம். கேக்குக்கு வேண்டிய முந்திரியும் திராட்சையும் சாலைக் கடைத்தெருவில் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டோம். எல்லா வீட்டு வாசலிலும் நட்சத்திரம் எரிந்தது. அந்த ஆண்டின் கடைசியோடு, மார்த்தா மால்ட் என்ற இங்கிலாந்துப் பெண் நாகர்கோவிலுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்தது. எங்களில் ஒருவரும் அவருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றவில்லை. ஒரு ஜெபத்தில்கூட அவர் பெயர் வரவில்லை.

மறந்துபோயிற்று என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மறப்பதற்கு முன்னால் நாங்கள் மறைத்தோம். மறைத்து மறைத்துத்தான் மறந்தோம். எழுதுவது நான் ஒருத்தி என்றாலும் இதில் என் அம்மாவுக்கும் அத்தைமாருக்கும் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. அதனால் நாங்கள் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம் பக்கத்துக்காரர்கள். திருவிதாங்கூர் ராஜ்யம் இருந்த காலத்தில் தலைநகரான திருவனந்தபுரத்துக்குக் குமாஸ்தாவாகவும் வாத்தியாராகவும் நர்சாகவும் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளையும் சேர்த்து அந்த நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துக்குப் போனபோது ஊர் அந்தப் பக்கம் போயிற்று, உத்தியோகம் இந்தப் பக்கம் நின்றது. நாங்கள் உத்தியோகத்தோடு நின்றுகொண்டோம். 1959இல் எங்கள் சபையின் திருமண்டலமும் இரண்டாயிற்று. அங்கே கன்னியாகுமரி, இங்கே தென்கேரளம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று ஒரு தலைமுறை ஓடியது. இன்று எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும். தாத்தாவின் கடிதத்தை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள்.

இந்த நகரத்தில் எங்களுக்குப் பெருமை சொல்லிக்கொள்ள நிறைய பெயர்கள் இருக்கின்றன. லண்டன் மிஷனரி சங்கத்தின் (எல்எம்எஸ்) வளாகத்துக்குள் நுழைந்தால் மட்டீர் நினைவு ஆலயம். மிஷனரி சாமுவேல் மட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871இலும் 1883இலும் எழுதிய இரண்டு பெரிய புத்தகங்களை எங்கள் வீட்டு ஆண்கள் மேற்கோள் காட்டுவார்கள். 1838இல் இங்கே மிஷன் தொடங்கிய ஜான் காக்ஸ், அதற்கு முன்னால் 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே, 1818இல் வந்த சார்ல்ஸ் மீட், எல்லாம் மனப்பாடம். சண்டே ஸ்கூலில் வரிசையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்த வரிசையில் ஒரு பெண் பெயர்கூட இருந்ததில்லை. வாத்தியார் சொல்லித்தரவில்லை என்று இன்று குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் 11 வருஷம் அதே சண்டே ஸ்கூலில் வாத்திச்சியாக இருந்து அதே வரிசையைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மார்த்தா பிறந்தது 1794இல். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகச் சார்ல்ஸ் மால்ட் நாகர்கோவிலுக்கு வந்தபோது மனைவியாகக் கூட வந்தவர். வயது இருபத்தைந்து. சங்கத்தின் கணக்கில் ஊழியர் என்றால் கணவர்தான். மனைவி செய்யும் வேலைக்குச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, பெயரும் கிடையாது. அறிக்கைகளில் 'திருமதி மால்ட்' என்று வருவதோடு சரி. மணமாகாத பெண்களைத் தனி ஊழியர்களாக அனுப்ப லண்டன் மிஷனரி சங்கம் முன்வந்தது 1875இல்தான். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே மார்த்தா இறந்துவிட்டார்.

அவர் வந்தபோது நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி அப்போதுதான் முளைவிட்டிருந்தது. 1819இல் அதைத் தொடங்கியவர் சார்ல்ஸ் மீடின் மனைவி ஜோஹன்னா. தஞ்சாவூர் மிஷனில் ஊழியம் செய்த ஹார்ஸ்ட் என்பவரின் மகள். இன்று டதி பெண்கள் மேல்நிலைப்பள்ளி என்று நிற்பது அந்தப் பள்ளிதான். 1828இல் மீட் குடும்பம் நெய்யூருக்குக் குடிபோனது. அதற்குப் பிறகு நாகர்கோவில் பள்ளியும் விடுதியும் சுற்றுக் கிராமங்களின் பெண்பிள்ளைப் பள்ளிகளும் மார்த்தாவின் தலையில். 1855இல் கணவரோடு இங்கிலாந்துக்குத் திரும்பும்வரை ஏறத்தாழ 36 ஆண்டுகள். பிள்ளைகளையும் இங்கேயே பெற்று வளர்த்தார். 1822இல் பிறந்த மகள் எலைசாதான் பிற்பாடு ராபர்ட் கால்டுவெல்லைக் கைப்பிடித்து இடையன்குடிக்குப் போனவர். கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். எலைசா நாகர்கோவில் தெருவில் தமிழ் பேசி வளர்ந்தவர். அந்த வீட்டில் தமிழ் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் ஒப்பிலக்கணத்தின் பக்கங்களில் எனக்கு ஒரு பெண் குரலும் கேட்கிறது. இது என் எண்ணம். ஆதாரம் கேட்டால் தர முடியாது.

மார்த்தா எங்கள் பெண்களுக்குக் கொடுத்தது வாசிப்பும் எழுத்தும் மட்டும் என்றால் மறைக்கவேண்டிய தேவையே இருந்திருக்காது. படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்? அவர் கொடுத்த இன்னொன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு ரேந்தை என்று பெயர். கடலோரத்தில் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். வெளியூர்க்காரர்கள் லேஸ் என்பார்கள்.

என் பாட்டி ரேந்தை பின்னுவாள். அவள் மடியில் ஒரு திண்டு இருக்கும். உருண்டையாக, குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி. வைக்கோலை நெருக்கி நெருக்கி அடைத்து, கல்போல இறுக்கி, மேலே நீலத்துணி சுற்றியிருப்பாள். வெள்ளை நூல் நீலத்தின்மேல்தான் கண்ணுக்குத் தெரியும். திண்டின்மேல் கெட்டி அட்டை ஒன்று. அதில் பூவும் இலையும் ஊசித்துளைகளாகப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும், இருபது ஜோடி இருக்கும். ஒரு ஜோடியை இன்னொரு ஜோடியோடு மாற்றி, முறுக்கி, அந்தப் பின்னல் நழுவாமல் துளையில் ஒரு குண்டூசி குத்துவாள். அடுத்த ஜோடி, அடுத்த முறுக்கு, அடுத்த ஊசி. கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் ஓட்டுக்கூரையில் தூறல் விழுவதுபோல இருக்கும். நூறு ஊசிக்குமேல் குத்தி முடிந்த பிறகு பின்பக்கத்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவுவாள். அப்போதுதான் ரேந்தை அட்டையைவிட்டு எழும்பி வரும். காலையிலிருந்து உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் நீளம் ஆகும். சித்திரை வெயிலில் வியர்வைக் கை பட்டால் நூல் பழுத்துவிடும் என்று பக்கத்திலேயே ஒரு கிண்ணம் தண்ணீரும் துண்டும் வைத்திருப்பாள். நான் போய் நின்றால் தலை நிமிராமலே சொல்வாள்: "மக்களே, கையக் கழுவிட்டுத் தொடு."

1820களின் தொடக்கத்தில் மார்த்தா தன் பள்ளிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் இதுதான். இங்கிலாந்தின் சிற்றூர்களில் ஏழைப் பெண்கள் திண்டு வைத்துப் பின்னிப் பிழைத்துவந்த கைவேலை. நாகர்கோவிலில் பின்னியதை இந்தியாவிலிருந்த துரைசானிகளுக்கும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கும் விற்று, அந்தப் பணத்தில் பள்ளி நடந்தது. பின்னிய பெண்களுக்கும் கூலி கிடைத்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை அப்போதும் சட்டப்படி இருந்தது. 1855 ஜூனில்தான் அது முழுதாக ஒழிந்தது. அதற்கு முன்பே, ரேந்தைக் காசைச் சேர்த்துச் சேர்த்துத் தங்களைத் தாங்களே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். மிஷன் பதிவுகள் இதைச் சொல்கின்றன. நூலைக் கொண்டு தன் உடம்பைத் தானே வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு எங்கள் ஊரில் ஒரு கல்லாவது இருக்கவேண்டாமா? ஊரில் வேண்டாம், எங்கள் வீட்டுப் பேச்சிலாவது?

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அந்தப் பெண்கள் பின்னிய ரேந்தை துரைசானிகளின் கழுத்தையும் தோளையும் அலங்கரித்தது. பின்னியவர்களின் தோளில் ஒரு முழத்துணி போடுவதற்கு ராஜ்யத்தில் அனுமதி இல்லை. மிஷன் பெண்கள் தைத்துக்கொடுத்த குப்பாயம் என்ற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்களைச் சந்தையில் மறித்துக் கிழித்தார்கள். 1827 முதல் 1829 வரை கலவரம். 1829இல் வந்த உத்தரவு குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை மட்டும் போடக்கூடாது என்றது. மறுபடியும் 1858இல் கலவரம். 1859 ஜூலை 26ஆம் தேதி ராஜ விளம்பரம் வந்தபோதும் மேல்சாதியார் உடுத்தும் மாதிரி உடுத்தக்கூடாது என்ற வரி அதில் இருக்கத்தான் செய்தது. மார்த்தா அதற்கு நான்கு ஆண்டு முன்பே கப்பலேறிவிட்டார். போராடியவர்கள் எங்கள் பெண்கள். ஆனால் அந்தப் பெண்களின் கையில் சொந்தக் காசையும் சொந்தத் துணியையும் கொடுத்த வீடு எது என்று பார்த்தால் அது அவர் நடத்திய விடுதி.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டால், தோள்சீலைக் கலகம் தெரியும். அது வீரக்கதை. பெருமையாகச் சொல்லலாம். ரேந்தைதான் சொல்ல முடியாதது. ஏன் என்று சொல்கிறேன்.

1960களின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்காவைப் பெண் பார்க்கக் கொல்லத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நந்தன்கோட்டில் எங்கள் வீடு. அப்பா செக்ரட்டேரியட்டில் உத்தியோகம், அம்மா பள்ளி ஆசிரியை. வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது உள்ளறையின் ஜன்னலோரம் பாட்டி திண்டோடு உட்கார்ந்திருந்தாள். வந்த அம்மாள் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டு, "அம்மா கைவேலை செய்வாங்களா? விற்கிறதுக்கா?" என்று கேட்டாள். என் அம்மா சட்டென்று, "ஐயோ, அதெல்லாம் இல்லை. சும்மா பொழுதுபோக்குக்கு" என்றாள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த ஜோடியை முறுக்கி ஊசியைக் குத்தினாள். அடுத்த வாரம் திண்டு ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று. இடம் அடைக்கிறது என்று சொன்னது அம்மா. தூக்கிக்கொண்டு போய் வைத்தது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பாட்டி அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள். ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அம்மா பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். விற்றதுதான் என்று ஒத்துக்கொண்டால், கூலிக்குப் பின்னினார்கள் என்று ஆகும். கூலிக்குப் பின்னினார்கள் என்றால் எந்தத் திண்ணையில், யாரோடு உட்கார்ந்து பின்னினார்கள் என்ற கேள்வி வரும். நாடார் வீட்டுப் பெண்ணும் புலையர் வீட்டுப் பெண்ணும் பறையர் வீட்டுப் பெண்ணும் ஒரே விடுதியில் ஒரே நூற்கண்டிலிருந்து நூல் எடுத்த கதை வெளியே வரும். அதில் யார் அடிமையாக இருந்தவள், யார் இல்லை என்று பிரிக்க முடியாது. தலைநகரத்தில் நல்ல இடத்தில் சம்பந்தம் தேடுகிறவர்களுக்கு அது வேண்டாத கதை. ஆகவே ரேந்தை பொழுதுபோக்கு ஆயிற்று. ரேந்தை சொல்லிக்கொடுத்தவரின் பெயரும் அதோடு போயிற்று. அவர் பெயரைச் சொன்னால் அந்தத் திண்ணையையும் சொல்லவேண்டி வருமே.

பல ஆண்டுகளுக்குப் பிறகு மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ஆந்திராவின் நரசாபுரத்து ரேந்தைப் பெண்களைப் பற்றி 1982இல் எழுதிய புத்தகம் கைக்குக் கிடைத்தது. அங்கேயும் மிஷனரிகள் கொண்டுவந்த தொழில். அங்கேயும் பெண்கள் நாள் முழுக்கப் பின்ன, ஏற்றுமதி வியாபாரிகள் பணக்காரர்கள் ஆனார்கள். பின்னியவர்களைத் தொழிலாளி என்று யாரும் எண்ணவில்லை, வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றார்கள். படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மா சொன்ன அதே சொல். வியாபாரி லாபத்துக்காகச் சொன்னதை நாங்கள் மானத்துக்காகச் சொன்னோம். பாட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மார்த்தாவைப் பற்றியும் திருவிதாங்கூர் மிஷன் பெண்களைப் பற்றியும் விரிவாக ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஜேன் ஹேகிஸ். ஆஸ்திரேலியாவில் பணியாற்றியவர். அந்தப் பெண்கள் மனைவி, தாய் என்ற பெயரில் செய்த உழைப்பு எப்படிக் கணக்கில் வராமல் போனது என்பதை அவர் எழுதினார். மார்த்தாவின் பள்ளியால் நேரே பிழைத்து வந்த எங்களில் டாக்டர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், ஐஏஎஸ் அதிகாரிகள் எல்லாம் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மட்டும் மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஒருவருடைய தலைப்பும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை. பரணில் திண்டும் அட்டையும் கிடக்க, கடல் தாண்டி ஒருத்தி வந்து மார்த்தாவின் பெயரைத் தூசி தட்டவேண்டியிருந்தது.

மார்த்தாவைத் தெய்வம் ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. அவர் கம்பெனி ஆட்சியின் நிழலில் வந்தவர். நம் ஜனங்களை இருளில் கிடப்பவர்கள் என்று நம்பித்தான் வந்தார். அந்தப் பள்ளியின் நோக்கத்தில் உபதேசிமாருக்கு அடக்கமான மனைவிமாரை உருவாக்குவதும் ஒன்று. எனக்கு இன்றும் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பணம் கொடுத்தவர்களின் பெயரை இங்கே பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஒரு சீமாட்டி ஆண்டுக்கு இவ்வளவு அனுப்பினால் அவர் பெயர் ஒரு பெண்குழந்தைக்கு. அகஸ்தீஸ்வரத்து வெயிலில் பிறந்த பிள்ளை சீமையில் முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் பெயரைச் சுமந்தது. அதனால்தான் முதல் ரேந்தைப் பெண்களைத் தேடிப் போனால் பதிவேடுகளில் ஆங்கிலப் பெயர்கள் நிற்கின்றன. அவர்களுடைய தாய் அவர்களை என்னவென்று கூப்பிட்டாள் என்று தெரிய வழியில்லை. கணவன் பெயருக்குப் பின்னால் மார்த்தா மறைந்தார். நன்கொடையாளர் பெயருக்குப் பின்னால் அவருடைய மாணவிகள் மறைந்தார்கள். மீதியிருந்ததை நாங்கள் மறைத்தோம்.

அப்படிப் பெயர் பெற்ற ஒருத்தி இந்தத் திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்தாள். லோயிஸ் பிடல்ஃப். தேவவரம் முன்ஷியின் மகள், பறையர் குலத்தில் வந்த குடும்பம். ஜோஹன்னா மீட் 1848இல் நெய்யூரில் இறந்த பிறகு சார்ல்ஸ் மீட் 1852இல் லோயிஸை மணந்தார். மிஷனுக்குள்ளேயே பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஏறத்தாழ 35 ஆண்டுக்கால ஊழியம் அதோடு முடிந்தது. மீட் திருவிதாங்கூர் அரசின் பள்ளிக்கூடக் கண்காணிப்பாளராக 1855இல் திருவனந்தபுரத்துக்கு வந்து, 1873இல் இங்கேயே இறந்தார். மீடைப் பற்றி எங்கள் சபை மேடையில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். நாகர்கோவிலில் ஆலயம் கட்டியது, அதற்கு யானை கல் இழுத்தது, அச்சுக்கூடம் வைத்தது. பேச்சு 1852க்கு வரும்போது நேரமாகிவிட்டது என்று ஒரே தாவில் 1873க்குப் போய்விடும். நாங்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழும்பத் தயாராவோம். லோயிஸ் எப்படி இருந்தாள், இந்த நகரத்தின் எந்தத் தெருவில் தண்ணீர் எடுத்தாள் என்று கேட்க எங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் எங்களுக்குள்ளே இருக்கும் சாதிதான். வேறு யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை.

வேதத்தில் மரியாள், மார்த்தாள் என்ற இரண்டு சகோதரிகள் கதை வரும். மரியாள் ஆண்டவருடைய காலடியில் உட்கார்ந்து வசனம் கேட்டாள். மார்த்தாள் அடுக்களையில் பாடுபட்டாள். பிரசங்கத்தில் எப்போதும் மரியாளுக்குத்தான் புகழ்ச்சி. மார்த்தாள் கவலைப்பட்டுக் கலங்குகிறவள் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். சிறுவயதில் அந்தப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம், மார்த்தாள் சமைக்காவிட்டால் அன்று எல்லோரும் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று பாட்டியிடம் கேட்பேன். பாட்டி வாயில் விரல் வைத்து உஷ் என்பாள். அவள் பிறந்தது 1890களின் கடைசியில். ரேந்தை கற்றது மிஷன் பள்ளியில். தனக்குக் கற்றுக்கொடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் என்று நான்கு தலைமுறை பின்னால் போனால் வந்து நிற்கும் பெண்ணின் பெயரும் மார்த்தா என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? நான் கேட்டதே இல்லை. கேட்கவேண்டிய வயதில் திண்டைத் தூக்கி ஸ்டோர் ரூமில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். தொண்ணூற்றுநான்கு வயது. வீட்டை ஒழிக்கத் தம்பியும் நானும் அத்தை மகளும் ஒரு வாரம் உட்கார்ந்தோம். நான்காம் நாள் பரணின் கடைசியில், பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால், அம்மாவின் பழைய சேலையில் சுற்றித் திண்டு இருந்தது. அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. சேலையை மாற்றி மாற்றிச் சுற்றியிருக்கிறாள். மேலே இருந்தது நான் வாங்கிக்கொடுத்த சேலை.

ரேந்தை பாதியில் நின்றிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நான் தூக்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே. ஊசிகள் துருப்பிடித்து நூலோடு ஒட்டிப்போயிருந்தன. அடியில் புள்ளி குத்திய அட்டைகள் பதினேழு. ஓர் அட்டையின் பின்பக்கத்தில் பாட்டியின் பென்சில் எழுத்து. இத்தனை முழம், இன்னின்ன தேதி, இவ்வளவு ரூபாய். எண்கள் பாதி அழிந்துவிட்டன. கடைசி வரி மட்டும் தெளிவாக இருந்தது: "பெரியவன் காலேஜ் பீஸ் கட்டியாச்சு."

பெரியவன் என்பது என் அப்பா. தம்பி அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். தாத்தாவின் சம்பளத்தில்தான் அப்பா படித்தார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். செக்ரட்டேரியட், நந்தன்கோட்டு வீடு, எங்கள் ஸ்கூல், தம்பியின் பொறியியல் படிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் இந்த அட்டை கிடந்திருக்கிறது.

அந்த மாதமே நாங்கள் மூன்று பேரும் என் பேத்தியும் தம்பானூரில் பஸ் ஏறினோம். பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம். நெய்யூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் ரேந்தை பின்னத் தெரிந்த அம்மா ஒருவர் இருப்பதாக விசாரித்து வைத்திருந்தோம். எண்பத்துநாலு வயது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. திண்டை மடியில் வாங்கி, தடவிப் பார்த்து, கட்டைகளை எண்ணி, "நல்ல கை" என்றார். யாருடைய கை என்று கேட்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இவ்ளோ நாளு எங்க மக்களே வச்சிருந்திய?" என்றார்.

நாங்கள் மூன்று பேர் பதில் சொல்லவில்லை. அத்தை மகள் மட்டும், "பரண்ல, அம்மச்சி" என்றாள்.

துரு ஊசிகளை உருவிவிடலாமா என்று தம்பி கேட்டான். "அதுவள இழுத்தா நூலும் கூடவே வந்துரும். அது அப்படி இருக்கட்டு. பக்கத்துல வேற போடு" என்றார். புது நூலைக் கட்டைகளில் சுற்றிக் கொடுத்தார். மார்த்தா மால்ட் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா இதை முதலில் சொல்லிக்கொடுத்தார் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். தனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரைச் சொன்னார், அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரையும் சொன்னார். அதற்கு மேலே தெரியாது என்றார். பேத்தி இரண்டு பெயரையும் செல்போனில் மலையாள எழுத்தில் குறித்துக்கொண்டாள்.

நான் திண்டை மடியில் வைத்துக் கட்டையைத் தொடப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையக் கழுவிட்டு வா."

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து நான் குத்தியது ஒன்பது ஊசி. அதில் நான்கு தப்பு. அவர் பிரித்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார்.